இருட்டு நிலாவில் தெரிந்த எக்ஸ்ரே

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. கைக்கு 50 கிலோவோல்ட், இடுப்புக்கு 75, 80 என்று வைத்து, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்து அடக்குங்க ஆத்தா" என்று குரல் கொடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்குகிறவள். பூமியின் காந்த எல்லையை எக்ஸ்ரேயில் படம் பிடிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் எழுந்தது தொழில்காரியின் கேள்விதான். டியூப் எங்கே இருக்கிறது? கதிரை அனுப்புவது யார்?

யாரும் அனுப்பவில்லை. அந்த எல்லையை ஒட்டிய விண்வெளிதான் எக்ஸ்ரேயை உமிழ்கிறது. நாங்கள் எடுப்பது நிழல். எலும்பு கதிரைத் தடுத்த இடம் வெள்ளையாக விழுகிறது. அங்கே எடுப்பது, தானே ஒளிரும் ஒன்றின் நேர்ப்படம். இந்த வித்தியாசம் புரிந்த நாளிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. சாதாரண நாளிலேயே நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். இந்தச் சூரியக் காற்றைப் பூமியின் காந்தப்புலம் வழிமறிக்கிறது. காற்றின் அழுத்தமும் காந்தப்புலத்தின் எதிர்ப்பும் சரிக்குச் சரியாக நிற்கும் இடம்தான் எல்லை. சூரியனைப் பார்த்த பக்கத்தில் அது பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 64,000 கிலோமீட்டரில் நிற்கிறது. காற்று வலுத்தால் உள்வாங்கும். பெரும் புயல் வந்தால், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் நம் ஜிசாட் வகைச் செயற்கைக்கோள்கள்கூட அதற்கு வெளியே மாட்டிக்கொள்ளும்.

இப்படி ஓர் எல்லை இருக்க வேண்டும் என்று சாப்மனும் ஃபெராரோவும் 1930-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1961-ல் எக்ஸ்ப்ளோரர் 12 அதைக் கடந்து போய் அளந்தது. பிறகு எத்தனையோ விண்கலங்கள் போயின. ஆனால் ஒரு கலம் எல்லையைக் கடக்கும் அந்தக் கணத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். முழு எல்லையும் ஒரே நேரத்தில் என்ன உருவத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லாமல் இருந்தது.

அந்த வழி குப்பையிலிருந்து கிடைத்தது என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். எங்கள் தொழிலில் 'ஃபாக்' என்போம். ஃபிலிம் காலத்தில் இருட்டறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் படம் முழுக்க ஒரு மங்கல் படியும். அதை ஒழிப்பதே பாதி வேலை. வானியல்காரர்களுக்கும் அப்படி ஒரு ஃபாக் இருந்தது. 1990 ஜூனில் ஏவப்பட்ட ரோசாட் என்ற ஜெர்மன் தொலைநோக்கி வானம் முழுவதையும் எக்ஸ்ரேயில் அளந்தபோது, இடையிடையே ஒரு மங்கல் ஒளி வந்து, சில மணி நேரமோ சில நாளோ நின்று, போனது. நட்சத்திரங்களோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. காரணம் பிடிபடாததால் அதைக் கழித்துவிட்டுத்தான் வான வரைபடத்தைத் தயாரித்தார்கள்.

ஏவப்பட்ட அதே மாதம் ரோசாட் நிலாவையும் படம் எடுத்தது. வெயில் பட்ட பாதி ஒளிர்ந்தது; சரிதான், சூரியனின் எக்ஸ்ரே அங்கே படுகிறது. ஆனால் இருட்டுப் பாதியிலும் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் எக்ஸ்ரே பதிந்திருந்தது. வெயிலே படாத கல்லிலிருந்து எக்ஸ்ரே எப்படி வரும்?

1996 மார்ச்சில் ஹயகுடாகே வால்நட்சத்திரம் பூமிக்கு அருகே வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. பனியும் தூசும் சேர்ந்த அந்தக் குளிர்ந்த கட்டி பளிச்சென்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. மறு வருடம் தாமஸ் கிரேவன்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் காரணம் சொன்னார்.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அணுவுக்கு எட்டு எலெக்ட்ரான்கள். சூரியனின் வெளி மண்டலச் சூட்டில் அவற்றில் ஆறு, ஏழு, சிலவற்றில் எட்டுமே உரிந்துபோன நிலையில்தான் சூரியக் காற்றோடு அந்த அணு கிளம்பி வருகிறது. வழியில் மின்னூட்டம் இல்லாத சாதாரண அணு ஒன்றை நெருங்கினால், அதனிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறிபட்ட எலெக்ட்ரான் முதலில் மேல் படியில் வந்து நிற்கும். அங்கிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது மிச்ச ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளியேறும். வால்நட்சத்திரத்தைச் சுற்றி வாயு உண்டு. பூமியைச் சுற்றியும் மிக மெலிந்த ஹைட்ரஜன் உறை ஒன்று உண்டு. அது நிலாவையும் தாண்டி நீள்கிறது. காந்த எல்லைக்கு உள்ளே சூரியக் காற்று பெரும்பாலும் நுழைவதில்லை, அதனால் அங்கே இருட்டு. எல்லைக்குச் சற்று வெளியே காற்று வேகம் குறைந்து நெருக்கியடித்து நிற்கிறது, அதனால் ஒளிர்கிறது. இருட்டும் ஒளியும் பிரிகிற கோடுதான் நாம் தேடிய எல்லை.

இருட்டு நிலாவின் புதிரை அவிழ்த்தது சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி. 2001-ல் அது நிலாவைப் பார்த்தபோது, அந்தக் கதிர் நிலாவிலிருந்து வரவில்லை, நிலாவுக்கு முன்னால், பூமியின் ஹைட்ரஜன் உறையில் பிறக்கிறது என்று தெளிவானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி அது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இந்தக் கதிர் மிக மென்மையானது. அரை கிலோ எலெக்ட்ரான்வோல்ட் அளவுதான். என் இயந்திரக் கதிரோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் காற்று போதும், விழுங்கிவிடும். ஆகவே விண்வெளிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயைச் சாதாரண லென்ஸால் குவிக்கவும் முடியாது. சிங்கி இறாலின் கண் சதுரக் குழாய்களால் ஆனது. அவற்றின் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வைத்துத்தான் அது பார்க்கிறது. அதே மாதிரி எக்ஸ்ரே தொலைநோக்கி செய்யலாம் என்று 1979-ல் ரோஜர் ஏஞ்சல் யோசனை சொன்னார். தலைமுடியைவிடக் குறுகிய சதுரத் துளைகள் நிறைந்த கண்ணாடித் தகடுகளாக இப்போது அது வந்திருக்கிறது.

நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்த ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "டார்ச் அடிச்சா சிங்கி கண்ணு மினுங்கும் தங்கச்சி, அதுக்குள்ள இவ்வளவு சங்கதியா?" என்றார். பிறகு, "அது சரி, அங்க எல்லை உள்ள வந்தா எங்களுக்கு என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

2024 மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. 20 ஆண்டுகளில் வராத காந்தப் புயல். அமெரிக்காவில் ஜிபிஎஸ் வைத்து உழுத டிராக்டர்கள் தடுமாறின. "உங்க படகுலயும் அதே ஜிபிஎஸ்தானே அண்ணே" என்றேன். ராத்திரியில் எல்லைக் கோடு தெரியாத கடலில் அந்தப் பெட்டியை நம்பித்தான் அவர்கள் போகிறார்கள். கருவி காட்டும் தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் சூரியன்மேல் பழிபோட முடியாது. நம்மைப் போலப் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில், புயல் இல்லாத நாளிலும் அந்திக்குப் பிறகு சிக்னல் சிமிட்டுவது உண்டு. புயலை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், காற்று மோதும்போது எல்லை எப்படி வளைகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

2025 மார்ச் 2-ஆம் தேதி நிலாவில் இறங்கிய புளூ கோஸ்ட் கலத்தில் லெக்ஸி என்ற எக்ஸ்ரே கேமரா இருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிரையன் வால்ஷ் குழு செய்தது. நிலாவில் நின்று பூமிப் பக்கம் திரும்பிச் சில நாட்கள் படம் எடுத்தது. அது இறங்கிய கிரிசியம் சமவெளிக்கு நேர் எதிரே, நிலாவின் மறுபக்கத்தில், பாறைகளின் காந்தம் சூரியக் காற்றைத் தள்ளி நிறுத்தும் ஒரு குட்டிக் காந்தமண்டலம் இருக்கிறது. அதைப் படமாக்கியது நம் சந்திரயான்-1-ல் இருந்த சாரா கருவி. எக்ஸ்ரேயால் அல்ல, தெறித்து வரும் அணுக்களைக் கொண்டு.

ஐரோப்பாவும் சீனாவும் சேர்ந்து கட்டிய ஸ்மைல் விண்கலம் இன்னும் பொறுமையானது. வட துருவத்துக்கு மேலே 1,21,000 கிலோமீட்டர் வரை ஏறி, ஒவ்வொரு சுற்றிலும் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் எல்லையைத் தொடர்ந்து பார்க்கும்படி அதன் பாதையை வகுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே கேமராவை முன்னின்று செய்தது இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம்.

அங்கே எல்லை உள்வாங்கினால் சில நிமிடங்களில் இங்கே தரையில் காந்தப்புலம் எகிறும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதன்மேல் பகலில் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் அந்த எகிறலைப் பெரிதாக்கிக் காட்டும். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதையெல்லாம் பதிவு செய்கிறது. அந்தப் பதிவையும் எக்ஸ்ரே படத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் பக்கத்தில் வைத்தால், எல்லை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நகர்ந்தால் நம் மண்ணில் எத்தனை நானோடெஸ்லா ஏறுகிறது என்று சொல்லிவிடலாம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது இந்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. படத்தில் எது ஃபாக், எது எல்லை என்று பிரிக்கும் வேலையில் கூட உட்கார நான் தயார்.