மருந்துச் சீட்டும் தியானமும்

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய தாயார் நெடுங்காலமாக நீரிழிவினால் துன்பப்படுகிறவர். "மருந்தெல்லாம் நிறுத்திவிட்டேன். காலையும் மாலையும் தியானம் செய்கிறேன், அது போதும்" என்றார் அந்த அம்மையார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, பூஜை அறையில் ரமண மகரிஷியின் படத்திற்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. அம்மையாரின் காலிலோ ஆறாத புண் ஒன்று! நமக்குப் பகீரென்றது.

படத்தில் இருந்த மகானின் கதையையே அவருக்குச் சொன்னோம். 1896-ஆம் ஆண்டில், 16 வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலையை அடைந்தவர் மகரிஷி. அவரைக் காட்டிலும் தியானத்தில் தேர்ந்தவர் யார்? எனினும் அவருடைய உடம்பையும் நோய் விடவில்லை. இடது முழங்கைக்கு அருகில் எழுந்த சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் டாக்டர்கள் அறுத்து எடுத்தார்கள். அது மறுபடியும் வளர்ந்தது. புற்று என்று தெரிந்தது. அவ்வருஷம் டிசம்பருக்குள் நான்கு முறை ரண சிகிச்சை நடந்தது. ரேடிய சிகிச்சையும் நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு உடலை நீத்தார். அன்று மாலையிலும் அன்பர்களுக்குத் தரிசனம் தர அவர் மறுக்கவில்லை.

"அப்படியானால் தியானத்தினால் பலனே இல்லையா?" என்று கேட்டார் அம்மையார்.

இல்லாமல் என்ன? 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர் தியானப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். வைத்தியத்திற்கு வசப்படாத நாட்பட்ட வலியுடையவர்கள் அங்கே வந்தார்கள். மூச்சைக் கவனித்து, வலியையும் பதறாமல் கவனிக்கப் பழகினார்கள். மனக் கவலையும் வலியின் கொடுமையும் இத்தகைய பயிற்சியால் ஓரளவு தணிகின்றன என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால், அது வைத்தியத்திற்குத் துணையாக ஏற்பட்டதேயன்றி, வைத்தியத்தை விலக்க ஏற்பட்டதன்று. தியானம் நோயாளியைத் தாங்கும். காலில் உள்ள புண்ணை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

அம்மையார் வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகனை அழைத்து, படத்திற்குப் பின்னால் இருந்த சீட்டை எடுத்துவரச் சொன்னார். மறுநாளே டாக்டரைப் பார்த்து வந்ததாகவும், மருந்து தொடர்வதாகவும் நண்பர் எழுதியிருக்கிறார். மாலைத் தியானத்தையும் அம்மையார் விடவில்லையாம். விட வேண்டிய அவசியமும் இல்லை!