பாலாற்றங்கரையில் படிக்க வேண்டிய குற்றவியல்

மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் படிப்பவர்கள் இந்தக் கேள்வியோடுதான் கோட்பாடுகளுக்குள் நுழைகிறார்கள். திருட்டு, கொலை, போதை என்று அங்கேயே நின்றுவிடாமல், அந்தக் கோட்பாடுகளைப் பாலாற்று வட்டாரத்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு எடுத்துவர வேண்டும்.

வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்றால், வசதி படைத்தவர்கள் தொழிலின் பெயரால் செய்யும் குற்றங்களை எதில் சேர்ப்பது? 1939-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து இப்படிக் கேட்டார். குற்றமும் பழகும் கூட்டத்திடமிருந்து கற்றுக்கொள்வதே என்பது அவர் கருத்து. பக்கத்து டேனரி கழிவுநீரை ஆற்றில் விட்டுத் தப்பித்தால், அடுத்த டேனரிக்கு அதுவே தொழில் வழக்கமாகிவிடும்.

1957-ல் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா இருவரும் தவறு செய்பவர் தன் மனசாட்சியை எப்படிச் சமாதானப்படுத்துகிறார் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் பார்த்தது தடம் மாறிய சிறுவர்களை. ஆனால் அந்தச் சமாதானங்களை நம் ஊர்ப் பேச்சிலும் கேட்கலாம். “எல்லாரும்தானே விடுறாங்க.” “ஆத்துல தண்ணியே இல்ல, எதைக் கெடுத்தோம்?” “கம்பெனிய மூடினா இத்தனை குடும்பம் எங்க போகும்?” கடைசிக் கேள்வியில் உண்மை இருக்கிறது. தோலையும் ஷூவையும் நம்பித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதனாலேயே அந்தச் சமாதானம் மற்றவற்றைவிட வலுவானது. கிணறு கெட்டுப்போன விவசாயியால்கூட அதைச் சட்டென்று மறுக்க முடிவதில்லை.

தண்டனை பயம் தடுக்காதா? பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் லாபத்தோடு ஒப்பிட்டுத்தான் குற்றம் நடக்கிறது என்றார் பொருளியலாளர் கேரி பெக்கர், 1968-ல். டேனரி மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கை இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கூறும் ஆய்வை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு சொன்னது. டேனரிகளுக்கு விதிக்கப்பட்ட அபராதமோ தலா 10,000 ரூபாய். கழிவைச் சுத்திகரிக்கும் செலவுக்கு முன் அது எம்மாத்திரம்?

அந்தத் தீர்ப்பு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே பாலாற்று மாசுக்காக மறுபடியும் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டு, கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. அத்தனை காலம் சட்டம் ஏன் தடுக்கவில்லை என்பதே ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான கேள்வி.