துளைகளால் ஆன பொருள்

திருவனந்தபுரத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ராக்கெட்டுக்காக உருவாக்கும் பொருள்களைப் பற்றிப் பேசுவோர்தான் குறைவு. அவற்றில் ஒன்று சிலிக்கா ஏரோஜெல். கறுப்புத் துணிமேல் வைத்தால் வெளிர்நீலமாகத் தெரியும். விளக்குக்கு நேரே பிடித்தால் லேசான மஞ்சள். வானத்தை நீலமாக்கும் அதே ஒளிச்சிதறல்தான் காரணம்.

வேதியியல்படி இது மணலின் உறவு, சிலிக்கன் டை ஆக்சைடு. ஆனால் பருமனில் 90 சதவீதத்துக்கு மேல் காற்று. மிச்சம், சில நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணிகள் கோத்த வலை. துளைகள் பெரும்பாலும் 2 முதல் 50 நானோமீட்டர். ஒரு கிராமுக்குள் இருக்கும் பரப்பை விரித்துப் போட்டால் 600 முதல் 800 சதுர மீட்டர் தேறும். நம் கணக்கில் 15 முதல் 20 சென்ட் மனை!

இதற்கான ஈர ஜெல்லைச் செய்வது எளிது, உலர்த்துவதுதான் பாடு. சாதாரணமாகக் காயவிட்டால், வற்றும் திரவத்தின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும். வலை சுருங்கி வெடித்துவிடும். 1931-ல் அமெரிக்க வேதியியலர் சாமுவேல் கிஸ்ட்லர் இதற்கு ஒரு வழி கண்டார். அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஓரளவுக்கு மேல் ஏற்றினால் திரவம், வாயு என்ற பேதமே மறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே பரப்பு இல்லை, இழுவிசையும் இல்லை. ஜெல்லில் உள்ள திரவம் எத்தனால் என்றால், இதற்கு 241 டிகிரி செல்சியஸ் வேண்டும். எரியும் திரவத்தை அப்படிக் காய்ச்சத் துணிச்சலும் வேண்டும். கரியமில வாயுவுக்கு 31 டிகிரி போதும், ஆனால் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 73 மடங்கு. துளைச் சுவர்களை நீர் ஒட்டாதபடி வேதிமுறையில் மாற்றிவிட்டுச் சாதாரண அழுத்தத்திலேயே உலர்த்துவது இன்னொரு வழி. திருவனந்தபுரத்துப் பாப்பனங்கோட்டில் உள்ள நிஸ்ட் (NIIST) அறிவியல் ஆய்வகத்தினர் இதில் ஆய்வு செய்திருக்கிறார்கள்.

இத்தனை பாடு எதற்கு? சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஏறக்குறைய 70 நானோமீட்டர் ஓடித்தான் அடுத்ததை மோதும். துளையோ அதைவிடச் சிறியது. மூலக்கூறு அடுத்ததை எட்டுமுன் சுவரில் முட்டிவிடுகிறது. வெப்பம் கைமாறுவது தடைப்படுகிறது. அதனால் அசையாத காற்றைவிடவும் இது வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியைக் குளிரிலிருந்து காத்தது இதுதான்.

தனிக்கட்டியாக வைத்தால் விரலழுத்தத்திலேயே நொறுங்கும். ஆகவே இழைப் பாயில் ஊறவைத்துப் போர்வையாக்குகிறார்கள். பனிமலை வீரர்களின் உடைக்கு இது உதவும் என்பது தும்பாக்காரர்களின் எண்ணம். என்னைக் கேட்டால், சித்திரை வெயிலில் கொதிக்கும் நம் கான்கிரீட் மாடிகளுக்குத்தான் இது அதைவிட அவசியம். உலர்த்தும் செலவு குறையாதவரை அது நடக்காது.