காணொளியில் நாடி பிடிக்கும் வைத்தியர்கள்

மஃரிப் தொழுதுவிட்டு பூண்டுலோயா பஸாரில் வழமையாக பிளேன்டீ குடிக்கும் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி கைத்தொலைபேசியை நீட்டினார். பதினைந்து செக்கன் காணொளி. மூத்த அரசியல்வாதி ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறி, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார்.

“சேர், இவருக்கு மூள போயிட்டு. டிமென்சியாதான்” என்றார் தம்பி. கடைக்காரரும் தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் அந்தக் கடையில் நான்கு நரம்பியல் நிபுணர்கள் உருவாகிவிட்டார்கள். அந்த அரசியல்வாதியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஐந்தாவது நிபுணர் நானாகிவிடுவேன்.

இந்தப் பேச்சில் என்னால் சும்மா இருக்க முடியாததற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. மர்ஹூம் வாப்பா இதே பஸாரில் கடை வைத்திருந்தவர். எண்பதைத் தாண்டிய பிறகு, ஒரு கிழமைக்குள் ஆளே மாறிப்போனார். நள்ளிரவில் எழுந்து கடை திறக்க வேண்டும் என்பார். என்னைப் பார்த்துத் தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மறதி நோய் என்று பஸார் தீர்ப்புச் சொன்னது. உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன். வைத்தியர் முதலில் சோதித்தது சிறுநீரை. கிருமித்தொற்று. மருந்து கொடுத்து இரண்டு கிழமையில் பழைய வாப்பா திரும்பி வந்தார். வந்ததும் கடன் கொப்பியைப் புரட்டி, நான் எழுதிய கணக்கில் பிழை கண்டுபிடித்து ஏசினார்.

வயதானவர்களுக்கு இப்படிச் சில மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் திடீரென வரும் குழப்பத்தை வைத்தியத்தில் டெலிரியம் என்பார்கள். டிமென்சியா அப்படி வருவதில்லை. பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காது மந்தமானவர் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வார். தைராய்டு குறைந்தால், பி12 விற்றமின் குறைந்தால், உடலில் சோடியம் குறைந்தால், மனச்சோர்வு பிடித்தால் ஞாபகமும் மந்தமாகும். தூக்க மாத்திரையும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் அதையே செய்யும். பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகி, உணர்ச்சியே இல்லாதவர்போல ஒருவர் தெரியலாம்; உள்ளே புத்தி கூர்மையாகவே இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வைத்தியருக்கே வீட்டாரின் வாக்குமூலம், மருந்துப் பட்டியல், இரத்தப் பரிசோதனை, ஞாபகப் பரிசோதனை, சில வேளை ஸ்கேன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால அவகாசம் வேண்டும். நமக்கு மட்டும் பதினைந்து செக்கன் போதும்! அந்தப் பதினைந்து செக்கனையும் வெட்டி எடுத்தவர் யார், மீதி நாற்பது நிமிடப் பேச்சு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நமது நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 ஒக்டோபரில் சிறுநீரகம் பழுதாகி, பக்கவாதமும் வந்து, அமெரிக்காவின் புரூக்ளின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி தமிழ்நாடெங்கும் பரவியது. அதை உடைக்கக் கட்சிக்காரர்கள் வைத்தியசாலைப் படத்தை ஊர் ஊராகக் காட்டினார்கள். ஒரு கூட்டத்திலும் பேசாமல் ஆண்டிப்பட்டியில் வென்று, 1985 பெப்ரவரியில் திரும்பி வந்து முதலமைச்சரானார். பேச்சு மட்டும் தெளிவாகத் திரும்பவில்லை. 1967இல் தொண்டையில் குண்டு பட்டதிலிருந்தே அவர் குரல் மாறித்தான் இருந்தது. ஆனால் நாக்கு குழறுவதும் புத்தி குழறுவதும் ஒன்றல்ல. பக்கவாதம் பேச்சை மட்டும் பிடித்துவிட்டு அறிவை விட்டுவைக்கலாம். இரண்டையும் பிடிக்கலாம். எது நடந்தது என்பதைத் திரையில் பார்த்தவர் சொல்ல முடியாது. இலங்கை–இந்திய ஒப்பந்தம் வந்ததும் அந்த ஆட்சிக் காலத்தில்தான். எனவே அவர் நிலை நமக்கும் சம்பந்தமில்லாத விஷயமல்ல.

படித்த வைத்தியர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1964இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் பாரி கோல்ட்வோட்டர் போட்டியிட்டபோது, ‘ஃபெக்ட்’ என்ற சஞ்சிகை 12,356 மனநல வைத்தியர்களுக்குக் கடிதம் போட்டு, இவர் மனத்தளவில் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். அவரைப் பரிசோதித்துவிட்டா எழுதினார்கள்? கோல்ட்வோட்டர் வழக்குப் போட்டு வென்றார். பிறகு பல வருடங்கள் செனட்டராக இருந்தார். நேரில் பரிசோதிக்காமல், சம்பந்தப்பட்டவரின் அனுமதியில்லாமல் பிரபலங்களின் மனநிலை பற்றித் தொழில்ரீதியான கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973இல் விதி வகுத்தது. ‘கோல்ட்வோட்டர் விதி’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

கடையில் இதையெல்லாம் சொன்னபோது தம்பிக்குக் கோபம் வந்தது. “அப்ப நாங்க ஒண்டும் கதைக்கக் கூடாதா சேர்? ஓட்டுப் போட்டது நாங்கதானே?”

நியாயமான கேள்வி. கதைக்க வேண்டும். என்ன நோய் என்பது வைத்தியரின் கேள்வி. வேலை நடக்கிறதா என்பது நமது கேள்வி. இரா. சம்பந்தன் 1933இல் பிறந்தவர். 2020 தேர்தலில் திருகோணமலையில் அவரது கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அவருடையது. அப்போது வயது 87. 2023இல் அவரது கட்சியைச் சேர்ந்த சுமந்திரனே, அவர் எம்.பி. பதவியிலிருந்து விலக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். நன்றி கெட்டதனம் என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகநூலில் பலர் அந்தப் பெரியவரின் படத்தைப் போட்டு நையாண்டி செய்ததைவிட, முகத்துக்கு நேரே விலகச் சொன்னது அவருக்குச் செய்த மரியாதை. சம்பந்தன் விலகவில்லை. 2024 ஜூன் 30இல், 91 வயதில், எம்.பி.யாகவே காலமானார். அவர் விலகியிருக்க வேண்டுமா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஆனால் அது பாராளுமன்ற வரவையும் மாவட்ட மக்களின் தேவையையும் வைத்துப் பேச வேண்டிய வாதம். அதற்கு அவரது மூளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

வீண் எண்ணத்தைத் தவிர்க்கச் சொல்லும் ஹுஜுராத் சூராவின் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். முதுமையில் வரும் மறதியை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு நமது ஹதீஸ் இமாம்கள் ஒரு முறையே வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நம்பகமான அறிவிப்பாளர் ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் குழம்பினால் அதை ‘இக்திலாத்’ என்றார்கள். இப்னுஸ் ஸலாஹ் தமது ‘முகத்திமா’வில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். கேள்விப்பட்டதை வைத்து அவர்கள் முடிவெடுக்கவில்லை. முன்பு அறிவித்ததையும் பின்பு அறிவித்ததையும் ஒப்பிட்டார்கள். கூட இருந்தவர்களிடம் விசாரித்தார்கள். அதாஉ இப்னுஸ் ஸாயிப் குழம்பும் முன்பே அவரிடம் கேட்ட சுஃப்யான் அத்தவ்ரீ, ஷுஃபா போன்றோரின் அறிவிப்பை ஏற்றார்கள். குழம்பிய பிறகு கேட்டவர்களின் அறிவிப்பை ஒதுக்கினார்கள். அதற்காக அவர் மனிதரையே இழிவுபடுத்தவில்லை.

பஸராவைச் சேர்ந்த ஜரீர் இப்னு ஹாஸிமுக்கும் இப்படி நடந்தது. அவருடைய பிள்ளைகள் ஹதீஸ் தெரிந்தவர்கள். வாப்பாவின் ஞாபகம் தவறுவதை முதலில் உணர்ந்தவர்களும் அவர்கள்தான். உடனே அவரை மக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிட்டார்கள். அந்த நிலையில் அவரிடமிருந்து ஒருவரும் எதையும் கேட்கவில்லை. வாப்பாவின் மானமும் காப்பாற்றப்பட்டது, ஹதீஸும் காப்பாற்றப்பட்டது.

நமது தலைவர்களின் வீடுகளிலும் பிள்ளைகளும் செயலாளர்களும் இருக்கிறார்கள். தடுமாற்றத்தை முதலில் காண்பவர்களும் அவர்கள்தான். அவர்களும் மறைக்கிறார்கள், ஆனால் கதிரையில் உட்கார வைத்துக்கொண்டே. கையெழுத்து அவருடையது, முடிவு யாருடையது என்று தெரியாது. அந்தக் காணொளியைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவென்றேன். தம்பி சற்று யோசித்தார். பிறகு, “இத யாருட்ட கேக்குற சேர்?” என்றார். அந்த நேரம் பார்த்து தலவாக்கலை பஸ் வந்து நின்றது. அவர் எழுந்து ஓடிவிட்டார்.