பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம்: கல்லூரி மாணவி புகார் தர முடியுமா?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலால் அறியப்படும் ஊர். அங்கிருந்து தினமும் பஸ் ஏறி கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அடி வாங்கும் சத்தம் கேட்கிறது. "அது அவங்க குடும்ப விஷயம், நீ படி" என்கிறார் அம்மா.

உண்மையிலேயே அது குடும்ப விஷயம் மட்டும்தானா?

சட்டம் என்ன சொல்கிறது?

இல்லை என்கிறது 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது சிவில், கிரிமினல் என எந்தப் பொறுப்பும் வராது.

அடித்தால் மட்டும்தான் வன்முறையா?

கிடையாது. கேவலமாகத் திட்டுவது, பாலியல் கட்டாயம், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாமே வன்முறைதான். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள் என்கிறது 5-வது தேசிய குடும்ப நல ஆய்வு. தேசிய அளவில் இது 29 சதவீதம்தான்.

புகார் கொடுத்தால் வீட்டை விட்டு வெளியேறணுமா?

பல பெண்களைத் தடுப்பது இந்தப் பயம்தான். ஆனால் வீடு கணவர் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 17-வது பிரிவு தருகிறது. மனு கொடுத்தால் முதல் விசாரணை வழக்கமாக 3 நாட்களுக்குள் வர வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு சட்ட உதவி இலவசம்.

மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

'பெல் பஜாவோ' என்ற பிரசாரம் 2008-ல் இந்தியாவில் தொடங்கியது. அடிக்கும் சத்தம் கேட்டால் ஏதாவது ஒரு சாக்கு சொல்லி அந்த வீட்டு மணியை அடியுங்கள் என்பதுதான் அதன் செய்தி. வெளியில் கேட்கிறது என்று தெரிந்தாலே ஓங்கிய கை நிற்கலாம். ஆனால் ஆபத்து என்று தோன்றினால் நேரில் போகாமல் 112-க்கு அழைப்பதே சரி.

என்.எஸ்.எஸ். முகாமுக்கு கிராமங்களுக்குப் போகும்போது கோலப்போட்டி, பேரணியோடு நிறுத்தாமல், 181 மகளிர் உதவி எண்ணைப் பெண்களிடம் சேர்க்கலாம். கணவர் போனைப் பார்ப்பார் என்றால் வேறு பெயரில் சேமித்துத் தரலாம். மாவட்ட சமூக நல அலுவலகமும், ஒருங்கிணைந்த சேவை மையமும் எங்கே இருக்கின்றன என்று சொல்லலாம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு: வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. அது அந்தப் பெண்ணுக்கே ஆபத்தாக முடியலாம். உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில், அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பது நல்லது.

அதனால் அந்த மாணவி மறுநாள் காலையில் குழாயடியில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "அக்கா, நான் ஏதாவது பண்ணட்டுமா?"