காவல் நிலையத்தில் நம் பிரதிநிதித்துவம்: மறக்கப்பட்ட 13ஆம் விதி

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட தலித் தொழிலாளி புகார் கொடுக்கச் செல்கிறார் என்று கொள்வோம். அவர் முதலில் சந்திப்பது நீதிபதியை அல்ல. நிலையத்தில் மனு வாங்கும் காவலரை. அவர் நடந்ததை வன்கொடுமை என்று எழுதுகிறாரா, வெறும் வாய்த்தகராறு என்று எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தே வழக்கின் போக்கு அமைகிறது.

இதை உணர்ந்தே வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 வகுக்கப்பட்டன. 13ஆம் விதியின் முதல் உட்பிரிவு, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சிக்கல்களைப் புரிந்துகொண்ட அலுவலர்களையே நியமிக்கச் சொல்கிறது. இரண்டாம் உட்பிரிவு, காவல்துறையின் எல்லா மட்டங்களிலும், குறிப்பாகக் காவல் நிலையங்களிலும் புறக்காவல் நிலையங்களிலும், இம்மக்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இருப்பதை மாநில அரசின் பொறுப்பாக்குகிறது.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கையில் இவ்விதி எதற்கு என்று கேட்கலாம். இடஒதுக்கீடு மாநில அளவில் ஆள்சேர்ப்பைத் தீர்மானிக்கிறது. தேர்வானவர் எந்த நிலையத்தில் அமர்த்தப்படுவார் என்பதை அது சொல்வதில்லை. அந்த இடைவெளியைத்தான் 13ஆம் விதி நிரப்புகிறது.

நம்மவர் இருந்தால் ஒருதலைப்பட்சம் நேராதா என்பது அடுத்த கேள்வி. விதி கோருவது நிலையத்தின் சமூகக் கலவையை மட்டுமே. புலன் விசாரணையோ, 7ஆம் விதியின்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரிடமே இருக்கிறது. தவிர, நம் சமூகத்தில் பிறந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டம் அறிந்தவராகிவிட மாட்டார். ஆகவே பிரதிநிதித்துவமும் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டும். இச்சட்டத்தைச் செயல்படுத்த மாநிலங்கள் தம் வழக்கமான பொறுப்புத் தொகைக்கு மேல் செய்யும் செலவில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. காவல்துறையின் பாதுகாப்புப் பிரிவை வலுப்படுத்துதல், சிறப்பு நீதிமன்றங்கள், நிவாரணம், விழிப்புணர்வு ஆகியவை அதில் அடங்கும். நிலையக் காவலருக்கான சட்டப் பயிற்சியையும், சீருடைப் பணித் தேர்வு எழுதும் தலித் இளைஞருக்கான பயிற்சியையும் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகக் கேட்பதே நம் கோரிக்கையாக வேண்டும்.

நிதி உறுதியாக இல்லையெனில் நல்ல திட்டமும் நலிந்துபோகும். கனடாவில் பூர்வகுடியினர் தம் சமூகத்துக்குத் தாமே காவல் பணியாற்றும் திட்டம் 1991இல் தொடங்கியது. செலவில் 52 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 48 விழுக்காட்டை மாகாணங்களும் ஏற்றன. தொகை போதாமல் கடனில் தள்ளப்பட்ட ஒரு பூர்வகுடிச் சமூகம் வழக்குத் தொடுத்தது. கியூபெக் மாகாண அரசு நல்லெண்ணத்துடன் நடக்கவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.

நாம் தொடங்க வேண்டிய இடம் அருகிலேயே இருக்கிறது. 17ஆம் விதியின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பேரணாம்பட்டுக் காவல் நிலையத்தில் பட்டியல் சாதிக் காவலர் எத்தனை பேர், இச்சட்டத்தில் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், அதற்குச் செலவான தொகை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். எவர் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். கிடைக்கும் விடையை அக்குழுவின் முன் வைப்பது இயக்கங்களின் கடமை.