உங்கள் குழந்தையின் எடை ஏறுகிறதா?

"பிள்ளை ஓடியாடி விளையாடுது, அதுக்கு என்ன குறை?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். வளர்ச்சியைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நோஞ்சான் என்று ஊரார் சொல்வதற்குப் பல மாதம் முன்பே எடை நின்றுபோயிருக்கும். அதை முதலில் காட்டுவது தராசுதான்.

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை 5 மாதத்தில் ஏறக்குறைய 6 கிலோவும், ஒரு வயதில் 9 கிலோவும், 2 வயதில் 12 கிலோவும் இருக்க வேண்டும். பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே ஏற வேண்டும். கோடு படுத்தால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. எடை போட்டால் கண்ணு படும் என்று பிள்ளையை ஒளிக்காதீர்கள். திருஷ்டிப் பொட்டு வைத்தே தூக்கி வாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். தாய் களையெடுக்கப் போயிருந்தால் தகப்பன் தூக்கி வரலாம்.

1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த எடைக் கணக்கை வைத்தே நடந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளில் எடை சரியாக ஏறாதவர்களுக்கு 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். 1982 ஜூலை 1 முதல் கிராமத்துப் பால்வாடிகளில் 2 வயதான குழந்தைகளுக்குச் சத்துணவும் வந்தது. ஆனால் பிள்ளை நடந்துவந்து தட்டு பிடிக்கும் வயதுக்கு முன்பே, 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள்தான், பெரும்பாலும் கோடு படுக்கிறது.

ஆகவே முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் தாய்ப்பாலோடு, பால்வாடியில் தரும் சத்துமாவைக் கட்டியாகக் காய்ச்சி ஊட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது. கஞ்சித்தண்ணி வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. பருப்பு, கீரை, முட்டை சேர்த்து மசித்த சோற்றில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். சின்ன வயிறு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். மாவுப் பொட்டலத்தைப் பிரித்து மாமனாருக்குக் கூழும் பெரிய பிள்ளைக்கு உருண்டையும் செய்தால் கைக்குழந்தைக்கு என்ன மிஞ்சும்? "பால்வாடியில சாப்பிட்டாச்சே" என்று வீட்டுச் சோற்றைக் குறைப்பதும் தவறு. அங்கே கொடுப்பது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே, அதற்குப் பதில் அல்ல.

வயிற்றுப்போக்கு வந்தாலும் பட்டினி போடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். இரண்டு பாதமும் வீங்கினாலோ, பிள்ளை சாப்பிடவே மறுத்தாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. மடியில் பிள்ளை பால் குடிக்கும்போதே அடுத்தது தங்கினால் மூத்தது சவலை பாயும் என்று நம் பாட்டிமார் சொல்வது அனுபவப் பேச்சு. அடுத்த பிள்ளைக்கு 3 வருஷ இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, நிரோத் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கணவன் மனைவி இருவருமாகப் போய்க் கேளுங்கள். இவை இலவசமாகவே கிடைக்கும்.